நாற்பது போதுமாயிருந்த விமானம்

போன மாதம் நம் விமானப் பட்டறைப் பிள்ளைகள் நீங்கள் நான்கு பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான ரேடியோ விமானத்துக்கு எந்த இஞ்சின் நல்லது என்று. நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாப்பது. சாதா புஷ் இஞ்சின். வேற எதையும் யோசிக்காதீங்க" என்றேன். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். "சார் சொல்லிட்டா அதுக்கு அப்பீலே இல்ல" என்று உங்களில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

நீங்கள் போன பிறகு எனக்கு அந்த டீ இறங்கவில்லை. பதில் சரியான பதில்தான். ஆனால் அதை அவ்வளவு மிடுக்காகச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவர்கள் ஓய்வுபெற்றால் சாதித்ததை எழுதுவார்கள். எனக்கு எழுதத் தோன்றியது இது ஒன்றுதான்.

நேற்று சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. புஷ் என்றால் பேரிங் இல்லாத, விலை குறைந்த சாதா வகை. நாற்பது, நாற்பத்தாறு, அறுபது என்று நாம் சொல்வதெல்லாம் இஞ்சினின் அளவு. எண் கூடினால் பலம் கூடும், எடையும் கூடும். ஐந்தடி இறக்கை வைத்த பயிற்சி விமானத்துக்கு நாற்பது போதும். மலைப்பக்கம் என்றால் நாற்பத்தாறு போடலாம். அறுபது என்பது பழகியவர்கள் குட்டிக்கரணம் அடிக்க வாங்குவது. அதைப் பழகுநர் விமானத்தில் மாட்டுவது, சைக்கிள் கற்றுக்கொள்கிற ஆளை புல்லட்டில் ஏற்றி விடுவது மாதிரி.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இதே வேலை. வாணியம்பாடியில் எங்கள் குடும்பமே தோல் மண்டிக் குடும்பம். "நாங்க தோல் விக்கிறோம், இவன் காத்து விக்கிறான்" என்று அண்ணன்மார் கிண்டலடிப்பார்கள். அந்தக் கிண்டலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற வீம்பிலேயே இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு அதன் நோயைச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தேன். வளர்ந்த பிறகும் வீம்பு மட்டும் குறையவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜமுனாமரத்தூரிலிருந்து நம் பட்டறைக்கு ஒரு போன் வந்தது. ஊரை ஒட்டிய ஒரு தங்கும் பள்ளி. மலைக் கிராமங்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பது. அங்கே அறிவியல் மன்றத்துக்கு ஒரு விமானமும், அதை ஓட்ட ஒரு ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டும் என்றார்கள். பேட்டரி மோட்டார் வைக்கலாமே என்றேன். மழை, காற்று என்றால் மேலே இரண்டு நாள் கரண்டு இருக்காது, சார்ஜ் ஏற்றுவதற்கு வழியில்லை, எண்ணெய் இஞ்சின்தான் சரிப்படும் என்று போனில் பேசியவரே சொன்னார். கேள்விக்கு முன்பே பதிலை யோசித்து வைத்திருந்த அந்தக் குரல் எனக்குப் பிடித்தது. அவர்தான் வேடியம்மாள் டீச்சர்.

வயது முப்பதுக்குள் இருக்கும். அந்த மலையிலேயே பிறந்தவர். அப்பாவுக்குச் சாமைக் கொல்லை, நான்கு புளியமரம். அவருடைய ஊரிலிருந்து படித்து அறிவியல் ஆசிரியர் ஆன முதல் ஆள். இதை அவர் சொல்லவில்லை, தலைமையாசிரியர் சொன்னார். சொன்ன விதத்தில் பெருமை பாதி, "பார்ப்போம், எத்தனை நாளைக்கு" என்பது பாதி. அந்த இரண்டாவது பாதியை நான் அப்போதே கவனித்தேன். அதனால்தான் பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்கு கிடையாது.

விமானப் பெட்டியை அவர்தான் பிரித்தார். நான் கொண்டுபோன இஞ்சினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், பொட்டி மேல நாப்பதுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும்னு போட்டிருக்குது. இது அறுபதுன்றீங்களே?"

"அத எழுதுனவன் ஜவ்வாது மலைக்கு வந்து பாத்தானா டீச்சர்? இங்க காத்து மெலிசு. சின்ன இஞ்சினுக்கு மூச்சு வாங்கும்."

"அப்டீங்களா சார்" என்றார். ஆனால் இஞ்சினைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் விமானத்தின் மூக்குப் பக்கத்தையும் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையில் காற்று மெலிசு என்பது உண்மை. அங்கே இஞ்சினின் பலம் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. அந்தக் குறையை நாற்பத்தாறு ஈடுகட்டிவிடும் என்பது மூன்றாவது உண்மை. அதை நான் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். இரண்டு உண்மையைச் சொல்லி மூன்றாவதை விழுங்குகிறவனைப் பிடிப்பது கஷ்டம். நான் அந்த வகை.

நிஜக் காரணம் என்ன தெரியுமா? தொடக்க விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. முதல் பறப்பு என்னுடையது. நாற்பது போட்டால் விமானம் சாதுவாக ஏறும், சாதுவாகச் சுற்றும், பார்க்கிறவர்கள் இரண்டு நிமிஷத்தில் செல்போனை எடுத்துவிடுவார்கள். அறுபது போட்டால் நெட்டுக்குத்தாக மேலே போகும். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ஓய்வு. போகிற போக்கில் ஒருமுறை ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்ற அரிப்பு. ஒரு டீச்சர் வருஷக்கணக்கில் ஓட்டப்போகிற விமானத்துக்கு, நான் ஓட்டப்போகிற பதினைந்து நிமிஷத்துக்காக இஞ்சின் தேர்ந்தெடுத்தேன்.

மூக்குக் கனமாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட வாலில் ஈயம் வைத்தேன். ஆக மொத்த எடையும் கூடிப்போனது. கனமான விமானம் மெதுவாக இறங்காது, வேகமாகத்தான் இறங்கும். அதற்கு மேல் இன்னொன்றும் செய்தேன். நம் தொழிலில் ஒரு மானப் பிரச்சினை உண்டு, உங்களுக்கும் சீக்கிரமே தெரியவரும். நாலு பேர் முன்னால் இஞ்சின் நின்றுபோனால் நமக்கு முகத்தில் ஈயாடாது. அதனால் அது எந்த நிலையிலும் அணையாதபடி ஐட்லிங்கைத் தூக்கி வைத்தேன். அதாவது, இறங்குவதற்காக விசையை முழுக்கக் குறைத்தாலும் இஞ்சின் அடங்காது, விமானத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பள்ளி மைதானம் சின்னது. ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் சாமைக் கொல்லை.

விழா அமர்க்களமாக நடந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பலாமரத்துக் குரங்குகள் ஓடிவிட்டன. அதிகாரி என் தோளைத் தட்டினார். வேடியம்மாள் டீச்சர் மட்டும், விமானம் இறங்கி ஓடி நின்ற இடத்துக்கும் கொல்லை வேலிக்கும் நடுவே நடந்து அடி வைத்து அளந்தார். எட்டடிதான் மிச்சம். திரும்பி வந்து அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு நான்கு சனிக்கிழமைகள் மலையேறிப் போய்ப் பயிற்சி கொடுத்தேன். இரட்டைப் பெட்டி முறைதான். பழகுகிறவர் கையில் ஒரு பெட்டி, நம் கையில் ஒரு பெட்டி, நடுவில் ஒரு ஒயர். நாம் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் அவர் சொல்படி கேட்கும், விட்டால் நம் கைக்கு வந்துவிடும். டீச்சர் மேலே நன்றாகவே ஓட்டினார். கை நடுங்காது, பதற்றம் கிடையாது. இறங்கும்போது மட்டும் விமானம் மிரண்ட மாடு மாதிரி மைதானத்தைத் தாண்டிப் போகப் பார்க்கும். உடனே நான் பொத்தானை விட்டுவிடுவேன். என் கைக்கு வந்ததும், இதிலே ஊறிப்போன என் விரல்கள் எப்படியோ அதை இறக்கி வைத்துவிடும். "பாத்தீங்களா, இவ்ளோதான்" என்பேன். நான்கு வாரத்தில் ஒருதடவைகூட அவர் தானாக இறக்கவில்லை. நான்காவது சனிக்கிழமை, பயிற்சி முடித்தார் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. நான் ஓட்டிக் காட்டணும்னு எச்செம் சொல்லிட்டாரு. எறங்கும்போது அது நிக்கவே மாட்டேங்குது சார். ஐட்லிங்க கொஞ்சம் கொறச்சிக்கட்டுமா?"

"அதெல்லாம் தொடாதீங்க டீச்சர். நடு வானத்துல நின்னுபோச்சின்னா அசிங்கமாப் பூடும்."

"நின்னாலும் மெதுவா மெதந்து வந்துடாதா சார்?"

கேள்வியைப் பாருங்கள். முப்பது வருஷம் ஓட்டினவன் கேட்க வேண்டிய கேள்வி. பயிற்சி விமானம் இஞ்சின் இல்லாமலும் மிதந்து இறங்கும், அதற்காகத்தான் அதற்கு அவ்வளவு பெரிய இறக்கை. "நான் சொல்றத கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். விழாவன்று நானும் மேலே போயிருக்கலாம். வேறு ஊரில் ஒரு விழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அங்கேயும் கைதட்டல்தான்.

ஆண்டு விழாவன்று நடந்ததை நான் வாட்ஸாப்பில்தான் பார்த்தேன். நான் ஒப்புக்கொண்ட விழாவை முடித்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தேன், எதிரே நம் முதலாளி. இன்னும் பத்துப் பள்ளிகளுக்கு இதே பயிற்சியைக் கொண்டுபோவது பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். வீடியோ ஒன்றரை நிமிஷம். டீச்சர் நான்குமுறை இறக்கப் பார்க்கிறார், நான்குமுறையும் மைதானம் போதாமல் திரும்ப மேலே தூக்குகிறார். எவ்வளவு நிதானம்! ஐந்தாவது முறை எண்ணெய் தீரப்போகிறது என்று பயந்திருக்க வேண்டும், தரையில் வைத்துவிட்டார். விமானம் நிற்கவில்லை. இஞ்சின் இழுக்க இழுக்கத் தரையிலேயே ஓடி, ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த சனங்களை நோக்கித் திரும்புகிறது. முன்வரிசையில் பிள்ளைகள். ஒரு மனுஷர் எழுந்து குறுக்கே காலை நீட்டுகிறார்.

அதோடு வீடியோ ஆடிப்போய் வானத்தைக் காட்டி நின்றுவிட்டது. கெண்டைக்காலில் ஏழு தையல். ஒரு பிள்ளையின் அப்பா அவர். சாமை அறுப்பு நேரத்தில் மூன்று வாரம் கொல்லைக்குப் போகவில்லை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஆனால் வீடியோவிலேயே எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. சத்தம். டீச்சரின் கட்டைவிரல் விசைக்குச்சியைக் கடைசிவரை கீழே இழுத்துப் பிடித்திருந்தது, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இஞ்சினோ அடங்காமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலை வைத்தது நான். என் கையெழுத்து மாதிரி அது எனக்குத் தெரியும்.

வீடியோவை இரண்டாவது தடவை போடுவதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"இன்னா பாய் இது, இப்டி ஆயிப்போச்சி? பெத்தவங்க எல்லாம் கேட்டாண்ட நிக்கிறாங்க. டீச்சர் இன்னாடான்னா இஞ்சினே பெருசு, இந்த வண்டிக்கு ஆவாதுன்றாங்க. நெசமா?"

எதிரே முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க எனக்கு மூன்று விநாடி கிடைத்திருக்கும். நெருக்கடியில் புத்தி வேலை செய்யாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எனக்கு மிக நன்றாக வேலை செய்தது. எந்த வார்த்தையைச் சொன்னால் பொய்யாகாது, எந்த வார்த்தையைச் சொன்னால் நான் தப்பிக்கலாம் என்று அந்த மூன்று விநாடியில் சலித்து எடுத்தது.

"இஞ்சின்ல ஒரு கொறையும் இல்லீங்க சார். நல்ல இஞ்சின். நானே ஓட்டிக் காட்டுனேனே, நீங்களும் பாத்தீங்க."

"அதான பாத்தேன்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையால்ல இருக்குது."

நான் சிரித்தேன்.

அவர் சொன்னதற்கு ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது. போனை வைத்ததும் முதலாளி "பிரச்சினையில்லையே?" என்றார். "இல்ல" என்றேன்.

டீச்சருக்கு மெமோ கொடுத்தார்கள். கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் உண்டாக்கியதற்கும், தவறை மறைக்கக் கருவியின் மேல் பழி போட்டதற்கும் விளக்கம் கேட்டு. அந்த இரண்டாவது குற்றம் என் சிரிப்பிலிருந்து பிறந்தது. அறிவியல் மன்றத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். விமானம் பீரோவுக்குள் போனது. "ஏரோப்ளேன் டீச்சர்" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்களாம். மலையில் ஒரு சொல் கிளம்பினால் ஊர் ஊராகப் போகும். அவருடைய அப்பா சந்தைக்கு வந்தால்கூட யாராவது வானத்தைக் காட்டிக் கேட்பார்களாம்.

அடுத்த மாதமே நான் மற்ற பள்ளிகளுக்கெல்லாம் நாற்பது என்று எழுதிக் கொடுத்தேன், மலைப்பக்கம் என்றால் மட்டும் நாற்பத்தாறு. ஐட்லிங்கையும் குறைத்து வைத்தேன். யாரும் காரணம் கேட்கவில்லை. அந்தப் பள்ளிகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்ட "நாற்பது" அப்படி வந்ததுதான். அது என் அனுபவம் என்று நினைத்து எழுதினீர்கள். அது குப்புற விழுந்தவனுக்கு மீசையில் ஒட்டிய மண்.

இஞ்சின் தேர்வைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விமானம் எப்படி ஏறும் என்று பார்க்காதீர்கள். ஓட்டப்போகிறவர் பயந்துபோய், கை வியர்த்து, ஐந்தாவது தடவையாக இறக்கப் பார்க்கும்போது அது அவர் சொன்னதைக் கேட்குமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

நீங்கள் வந்துபோன மறுநாள் காலை ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இறங்கினால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. அந்த ஒரே காரணத்தால் உட்கார்ந்திருந்தேன். வீரம் ஒன்றும் இல்லை.

பழைய தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த அம்மாவுக்கு என்னையும் தெரியாது, நடந்ததும் தெரியாது. வேடியம்மாள் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி நின்றார், பிறகு "வாங்க சார்" என்றார். மலையில் வீட்டுக்கு வந்த யாரையும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் வேறு அர்த்தம் தேடும் தைரியம் எனக்கு இல்லை.

"டீச்சர், அன்னைக்கி எச்செம் எனக்கு போன் பண்ணாரு. நீங்க சொன்னது நெசம்தான். நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

நான்கு வருஷமாக ஒரே ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது, அந்தச் சிரிப்பை அவர் கேட்கவில்லை என்பது. அதுவும் போய்விட்டது.

"நீங்க சிரிச்சதுகூடப் பரவால்ல சார்" என்றார் டீச்சர். "எச்செம் திடீர்னு கேட்டதும் பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். பொறவு தனியா ஒரு போன் பண்ணுவீங்கன்னு பாத்தேன். மெமோவுக்குப் பதில் எழுத பாஞ்சு நாள் டைம் குடுத்திருந்தாங்க. பதினாலாவது நாள் வரைக்கும் எழுதாமதான் வெச்சிருந்தேன்."

"இன்னா எழுதினீங்க?"

"மன்னிச்சிக்கணும்னு எழுதினேன். வேற இன்னா சார் எழுதறது? இனிமே கவனமா இருக்கேன்னு எழுதினேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். செய்யாத தப்புக்கு ஒருவர் மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். அந்த நான்கு வருஷமும் நான் பேட்டி கொடுத்தேன், பொன்னாடை வாங்கினேன், உங்களுக்கு டீ கொடுத்தேன். என் வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"கால்ல தையல் போட்டுக்கிட்டாரே, அவரு எப்டி இருக்காரு?"

"குப்பன் அண்ணனா? நல்லா நடக்குறாரு. அவருக்கு என்மேல கோவம் இல்ல. ஆனா அவரு வூட்டுப் பொண்ணு இன்னிக்கி வரைக்கும் என் க்ளாஸ்ல கடைசி பெஞ்சில போய்தான் ஒக்காருது."

அவர் பெயர் குப்பன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை யாரிடமும் நான் கேட்டதில்லை.

நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "வாயால சொன்னா காத்தோட பூடும் ஐயா. மெமோ ஃபைல்ல இருக்குது. நீங்க எழுதிக் குடுத்தா அதும் ஃபைல்ல இருக்கும். மேலுக்கு அனுப்பி மெமோவ எடுக்க முடியுமான்னு நான் பாக்குறேன்" என்றார்.

எழுதினேன். விண்ணப்பம் எழுதிப் பழகிய கை, தானாகவே ஓடியது. 'மேற்படி பயிற்சி விமானத்துக்கு அளவுக்கு மீறிய இஞ்சினைத் தவறுதலாகப் பொருத்திக் கொடுத்தவன் நான். ஆசிரியை வேடியம்மாள் கூறியது உண்மை. நடந்த விபத்துக்கு அவர் பொறுப்பல்ல.' கையெழுத்துப் போடும் முன்பு தாளை டீச்சரிடம் நீட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி, கொஞ்சம், அதற்குள் வந்துவிட்டிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் நின்றபடியே படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், 'தவறுதலாக'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"தவறுதலாவா மாட்டினீங்க?"

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். வெளியே பிள்ளைகள் பிரேயர் மைதானத்தில் கோகோ ஆடும் சத்தம் கேட்டது. ஒற்றைச் சொல்லுக்குள் நான் மறுபடியும் ஒளிந்துகொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்று பிறகுதான் எழுதியது.

தாளை வாங்கி அந்தச் சொல்லை அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'பின்னர் தலைமையாசிரியர் தொலைபேசியில் கேட்டபோது, உண்மை தெரிந்திருந்தும் மறைத்தேன்.' அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்தும், அடியில் முழுக் கையெழுத்தும் போட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதியிருப்பது நிஜம்தானா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது அன்றைக்குத்தான்.

டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "இப்ப சரியா இருக்குது சார்" என்றார். தலைமையாசிரியை தாளுக்காகக் கையை நீட்டினார். டீச்சர் கொடுக்கவில்லை.

"ஒரு பத்து நிமிசம் மேடம். பஜார் வரைக்கும் போய்ட்டு வர்றேன். ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிறேன்."

"இங்க ஃபைல்லதான டீச்சர் வெக்கப் போறோம்?" என்றார் அந்த அம்மா.

வேடியம்மாள் டீச்சர் தாளை மடிக்காமல் நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சாரு மறுபடியும் மாத்திச் சொல்லிட்டாருன்னா?"

நியாயம்தான் என்றேன்.